பெட்ரோல் போடும் நேரத்தில் ஒரு குளியல்

விமானத்துக்குப் பெட்ரோல் போட்டு முடிகிறவரை பயணிகள் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம். கூப்பிட்டதும் கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டு, ஈரம் காயாத முடியோடு இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள். விமானம் அலை தெறிக்க ஓடித் தண்ணீரை விட்டு எழுந்தது.

1950களில் குக் தீவுகளைச் சேர்ந்த ஐட்டுடாக்கியின் காயலில், அக்காயாமி என்ற சின்னஞ்சிறு திட்டின் ஓரத்தில் இது வாடிக்கை. நியூசிலாந்தின் டீல் விமான நிறுவனம் 1951 டிசம்பர் கடைசியில் தொடங்கிய அந்தத் தடத்துக்குப் ‘பவளப் பாதை’ என்று பெயர். ஆக்லாந்தில் கிளம்பும் கடல் விமானம் ஃபிஜியின் சுவா, சமோவா, ஐட்டுடாக்கி என்று தண்ணீரிலேயே இறங்கி ஏறி, கடைசியில் தஹிதித் தீவின் பபீட்டே துறைமுகத்தில் போய் நிற்கும். அதன் அடிவயிறு படகு மாதிரி இருக்கும். ஓடுதளம் போடாத தீவுகளுக்கு வேறு எதில் போவது?

அந்த சோலண்ட் ரக விமானத்தில் இரண்டு தளம், நாற்பத்தைந்து பேருக்கு இடம், சமைத்துப் பரிமாற ஒரு சமையலறை. காற்றழுத்தம் நிலைப்படுத்தாத பழைய கட்டுமானம் என்பதால் உயரே ஏறாது. தாழப் பறக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பவளத் திட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். சுவாவில் இறங்கி, 1914இல் கப்பல் கம்பெனி ஒன்று கட்டிய கிராண்ட் பசிபிக் ஓட்டலில் கொஞ்சம் தூக்கம். நள்ளிரவு தாண்டியதும் எழுப்பிவிடுவார்கள், விடியும்போது சமோவாவில் இறங்கத் தோதாக. நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு வேறு. சனிக்கிழமை இருட்டில் கிளம்பினவர் வெள்ளிக்கிழமை விடிகாலையில் போய் இறங்கி, காலைச் சாப்பாடு சாப்பிடுவார். பஞ்சாங்கம் பார்த்துப் பயணம் கிளம்புகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சுவாவின் தெருக்களில் அந்தப் பயணிகள் தமிழையும் கேட்டிருக்கக்கூடும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் ஏற்றி, ஃபிஜியின் கரும்புக் காட்டில் இறக்கப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அதே கடல்தான். ஒருவருக்கு அது ஐந்தாண்டு ஒப்பந்தம், இன்னொருவருக்குப் பெட்ரோல் போடும் நேரத்துக் குளியல்.

இதையெல்லாம் நான் தோண்டத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு நண்பர். சென்ற ஆண்டு அவருக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் மணிவிழா முடிந்த கையோடு, “போரா போராவுக்கு ஒரு பத்து நாள் போய்வரலாம் என்றிருக்கிறோம், நீதான் திட்டம் போட்டுத் தர வேண்டும்” என்றார். ஏதோ ஒரு விளம்பரத்தில் தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் கூரைக் குடில்களைப் பார்த்துவிட்டார். அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணா, அங்கே சோறு கிடைக்குமா?”

கிடைக்கும். போரா போராவும் தஹிதியும் பிரெஞ்சு பாலினீசியாவின் தீவுகள். 1865இல் தஹிதியின் பருத்தித் தோட்டத்துக்குச் சீனர்களைக் கூலிக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டம் நொடித்துப் போனது, சீனர்களில் பலர் தங்கிவிட்டார்கள், அவர்களோடு சோறும் தங்கிவிட்டது. தீவுக்காரர்களின் பழைய சாப்பாடு வேறு: ஈரப்பலா, சேம்பு, எலுமிச்சைச் சாற்றிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறவைத்த பச்சை மீன். அந்த ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு போனபோதுதான், 1789இல், பவுண்ட்டி என்ற ஆங்கிலக் கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்துக்கும் என் நண்பரின் குடிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிறகு வருகிறேன்.

அன்று ஒருவர் தஹிதிக்குத் திட்டம் போடுவதென்றால் முதலில் கையில் எடுக்க வேண்டியது நாட்காட்டி. கடல் விமானம் வருவதற்கு முன் கப்பல் ஒன்றுதான். ஓவியர் பால் கோகேன் 1891 ஏப்ரல் முதல் தேதி மார்செய்யில் கப்பலேறியவர், பபீட்டேவில் கால் வைத்தது ஜூன் மாதம். 1930இல் இன்னொரு ஓவியர் மத்தீஸ் நியூயார்க் போய், அமெரிக்காவை ரயிலில் கடந்து, சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் பிடித்து வந்தார். வந்தவர் இரண்டரை மாதம் போல இருந்தார். வருவதற்கே அவ்வளவு பாடு என்றால் நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்ப யாருக்கு மனசு வரும்? அடுத்த கப்பல் வர வேண்டுமே என்பது இன்னொரு பக்கம். கடல் விமானம் வந்த பிறகும் இது பெரிதாக மாறவில்லை. வந்த விமானம் போய்விட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். நான்கு நாளில் ஓட்டல் பிடிக்காமல் போனாலும் தீவை விட்டுப் போக முடியாது.

ஓட்டலைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கடிதம் போட வேண்டும், அது கப்பலில் போய் பதில் கப்பலில் வர வேண்டும். படம் பார்த்து அறை தேர்வு செய்வதெல்லாம் கனவு. பயண முகவர் சொல்வதே வேதம், அவரும் பெரும்பாலும் அந்தத் தீவைப் பார்த்திருக்க மாட்டார். போய் இறங்கினால் மரப்பலகை அறை, கொசுவலை, ஆடி ஆடிச் சுற்றும் மின்விசிறி. சாயங்காலமானால் துறைமுகத்தில் கோப்பரை ஏற்றும் ஆட்கள், மாலுமிகள், பிரெஞ்சு அதிகாரிகள், எழுத்தாளர்கள் எல்லாரும் குவின்ஸ் என்ற மதுக்கடையில் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பெயர்பெற்ற அந்தக் கடையை 1973இல் இடித்துவிட்டார்கள்.

அன்றைய பயணி செலவழித்த பணமெல்லாம் தூரத்துக்குத்தான் போனது. விமானத்தில் வெள்ளிக் கரண்டி, தீவில் கொசுவலை. இன்று அது அப்படியே தலைகீழ். விமானத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறோம், இறங்கின இடத்தில் கண்ணாடித் தரை பதித்த குடில். பயணமே பெருமையாக இருந்தது போய், பயணம் தாங்கித் தீர வேண்டிய தண்டனையாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சிறு காலகட்டத்தைப் பார்த்தால் போதும்: 1960 முதல் 1967 வரை.

போரா போராவுக்கு அதற்கும் முன்பே ஓடுதளம் இருந்தது, யுத்தத்தின் தயவில். 1942 பிப்ரவரியில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அந்தத் தீவில் வந்து இறங்கினார்கள். ஜப்பானியர் வரக்கூடும் என்று மலைச்சரிவுகளில் பீரங்கிகளை ஏற்றி வைத்தார்கள், தீவைச் சுற்றிச் சாலை போட்டார்கள், மோட்டு மூட்டே என்ற திட்டில் 1943இல் ஓடுதளத்தை முடித்தார்கள். ஜப்பானியர் வரவே இல்லை. ஒரு குண்டுகூடப் பகைவர் மேல் சுடாமல் 1946இல் மூட்டை கட்டினார்கள். துருப்பிடித்த பீரங்கிகள் இன்றும் மலையில் நிற்கின்றன. சுற்றுலாவாசிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். இன்று உலகத்தின் மிக விலையுயர்ந்த தேனிலவுக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம், நடக்காத ஒரு சண்டைக்காகப் போட்ட ஓடுதளம்.

தஹிதிக்கு அது கிடைக்க 1960 ஆகிவிட்டது. பபீட்டேவுக்குப் பக்கத்தில் ஃபாஆ என்ற இடத்தில், காயலின் பவளத்தைத் தூர்த்து ஓடுதளம் போட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பவளப் பாதையின் கடைசிக் கடல் விமானம் பறந்தது. ஜெட் வரப்போகிற இடத்தில் படகு வயிற்று விமானத்துக்கு என்ன வேலை. அதே ஆண்டு கடைசியில் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம், மார்லன் பிராண்டோவோடு படப்பிடிப்புக்கு வந்து இறங்கியது. படம், நான் முன்னே சொன்ன பவுண்ட்டிக் கலகம். 1962இல் வெளியான அந்தப் படத்தால் ஸ்டுடியோவுக்குக் கை சுட்டது. தீவுக்கோ கோடிக்கணக்கில் இலவச விளம்பரம். அமெரிக்க நகரங்களில் அரங்கத்தின் இருட்டில் உட்கார்ந்து அந்த நீலத்தைப் பார்த்தவர்களுக்கு, எட்டு மணி நேரத்தில் அங்கே கொண்டுபோக ஜெட் விமானமும் வந்துவிட்டது.

அந்தத் தண்ணீர்மேல் குடிலின் பிறப்பைத்தான் நண்பரிடம் ரசித்துச் சொன்னேன். ஹ்யூ கெல்லி, ஜே கார்லைல், டான் மக்கல்லம் என்று கலிபோர்னியாவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் பங்குத் தரகர், ஒருவர் விளையாட்டுச் சாமான் விற்பவர். மூவரும் வேலையை விட்டுவிட்டு மூரியா தீவில் ஒரு வெனிலாத் தோட்டத்தை வாங்கினார்கள். வெனிலாவில் காசு பார்க்க முடியவில்லை. ஓட்டல் தொழிலுக்கு வந்தார்கள், அது ஓடியது. அடுத்து ரையாத்தியா தீவில் ஒரு ஓட்டல். அங்கே ஒரு சிக்கல்: ஓட்டலுக்கு முன்னால் சொல்லிக்கொள்ளும்படியான மணல் கடற்கரை இல்லை. கடற்கரை இல்லாத ஓட்டலுக்கு யார் வருவார்? கரையில் இடமில்லையென்றால் தண்ணீரில் கட்டு என்று, 1967இல் காயலுக்குள் தூண் ஊன்றி, தாழை ஓலைக் கூரை வேய்ந்து மூன்று குடில் கட்டினார்கள். தரையில் கண்ணாடி பதித்து, கீழே மீன் போவதைப் பார்க்க வசதி செய்தார்கள். அதற்குத் ‘தஹிதித் தொலைக்காட்சி’ என்று செல்லப் பெயரும் வந்தது.

இன்று மாலத்தீவு முதற்கொண்டு வெப்பக் கடல் எங்கும் சொகுசின் அடையாளமாக நிற்பது அந்தக் குடில்தான். பஞ்சுபோன்ற வெள்ளை மணலில் வரிசையாகத் தீவுகள் கொண்ட மாலத்தீவுக்காரர்கள்கூட மணலை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் கட்டுகிறார்கள், மணல் இல்லாத ஊரில் ஒட்டுப்போட்ட யோசனையைப் பார்த்து.

அதே நேரம் அந்தக் கடலில் வேறொன்றும் நடந்தது, விளம்பரத்தில் வராதது. அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அணுகுண்டு வெடித்துப் பார்க்க பிரான்சுக்கு வேறு இடம் தேவைப்பட்டது. தஹிதிக்குத் தென்கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் மோரூரோவாவைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் குண்டு 1966 ஜூலை. முதல் குடில் அதற்கடுத்த ஆண்டு. 1996 வரை மோரூரோவாவிலும் பக்கத்துத் தீவிலும் 193 வெடிப்புகள், அவற்றில் 41 திறந்த வானத்தில். அந்தத் திட்டத்தின் சம்பளத்துக்காக வெளித்தீவுகளில் மீன்பிடித்தும் கோப்பரை உலர்த்தியும் வாழ்ந்தவர்கள் பபீட்டேவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1995 செப்டம்பரில், வெடிப்பு மறுபடி தொடங்கியபோது, கோபத்தில் ஃபாஆ விமான நிலையத்துக்கே தீ வைத்தார்கள். அணுகுண்டுக் காசு நின்றபோது அந்த இடத்தை நிரப்பச் சுற்றுலாவைத் தவிர வேறு பெரிய வழி இருக்கவில்லை. 1996இல் ஏர் தஹிதி நுயி தொடங்கப்பட்டது. தீவில் முதலீடு செய்தால் வரியில் சலுகை என்று பிரான்ஸ் ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தது. ஓட்டல்கள் முளைத்தன. எல்லாம் நிலைக்கவும் இல்லை: 1961 முதல் போரா போராவின் பெயரை உலகுக்குச் சொன்ன ‘ஓட்டல் போரா போரா’ 2008இல் கதவை மூடிவிட்டது.

பிராண்டோவின் கதை இந்த மாற்றம் முழுவதையும் ஒரே தீவில் காட்டுகிறது. படப்பிடிப்புக்கு வந்தவர் டெட்டியாரோவா என்ற பவளத் தீவைப் பார்த்து மயங்கி, 1960களின் நடுவில் அதை வாங்கினார். தஹிதியின் பழைய பொமாரே அரச குடும்பம் ஓய்வுக்குப் போய்வந்த தீவு அது. 1970களில் அங்கே அவர் ஒரு ஓட்டல் நடத்தினார். ஓட்டல் என்பது மரியாதைக்கு. ஓலைக் குடில்கள், அவ்வளவே. புயல் வந்து பிய்த்துப் போடும், மறுபடி கட்டுவார்கள். 2004இல் அவர் காலமானார். பத்தாண்டு கழித்து, 2014இல், அதே தீவில் ‘தி பிராண்டோ’ என்ற பெயரில் முப்பத்தைந்து தனி வீடுகள் கொண்ட ஓட்டல் திறந்தது. உலகின் பெரும் பணக்காரர்கள் அங்கே வருகிறார்கள். கடலின் அடியில் தொள்ளாயிரம் மீட்டருக்கும் கீழேயிருந்து ஐந்து டிகிரிக் குளிர்நீரைக் குழாயில் ஏற்றி, அதன் குளிர்ச்சியால் அறைகளைக் குளிரூட்டுகிறார்கள். போரா போராவின் ஒரு பெரிய ஓட்டல் 2006இலேயே இதைச் செய்துவிட்டது. டீசலுக்குக் கப்பலை நம்பியிருக்கும் தீவில் ஏசிதான் மின்சாரத்தை விழுங்கும் பூதம். ஆகவே இதை வெறும் பகட்டு என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனாலும் கொசுவலைக்குள் படுத்துக் கிடந்த பிராண்டோவின் பெயரை அந்தக் குளிரறை வாசலில் படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது.

இனி நண்பரின் திட்டத்துக்கு வருவோம்.

முதல் அதிர்ச்சி விசா. “ஷெங்கன் விசாதான் என்னிடம் இருக்கிறதே, பிரெஞ்சுக் கொடிதானே பறக்கிறது” என்றார். பறக்கிறது, ஆனால் பிரெஞ்சு பாலினீசியா ஷெங்கன் எல்லைக்குள் வராது. பொதுவாக விண்ணப்பத்திலேயே அந்தத் தீவுகளைக் குறிப்பிட்டுத் தனியாக வாங்க வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா, நியூசிலாந்து வழி என்றால் அவர்களுடைய இடைத்தங்கல் விதியைப் பார்க்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஃபிஜிக்குப் போவது எவ்வளவோ சுலபம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

அடுத்தது நேரம். பபீட்டே நமக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து எட்டு மணி நேரம், ஆக்லாந்திலிருந்து சுமார் ஐந்து. சென்னையிலிருந்து கணக்குப் போட்டால், காத்திருப்பு உட்பட, ஒரு முழு நாளுக்கு மேல். பபீட்டேவில் இறங்கியும் முடியாது. அங்கிருந்து சின்ன விமானத்தில் ஐம்பது நிமிடம் போரா போரா, அங்கிருந்து ஓட்டலுக்குப் படகு. பவளப் பாதைப் பயணிக்கும் ஏறத்தாழ இதே அளவு நேரம்தான் ஆனது, ஆக்லாந்திலிருந்து. அவர் இடையில் குளித்தார். நாம் இடையில் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு ஸ்கேனர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்போம்.

எப்போது போவது என்பதில் அன்றும் இன்றும் பதில் ஒன்றே. மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புழுக்கமும் மழையும். ஜூலையில் ஆட்டமும் பாட்டுமாக ஹெய்வா விழா, ஆகஸ்டுக்குமேல் மூரியாப் பக்கம் திமிங்கிலங்கள். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

விலையைச் சொன்னபோது நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. போரா போராவின் பெயர்பெற்ற ஓட்டல்களில் தண்ணீர்மேல் குடில் ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது, சீசனில் அதற்கு மேலேதான். டெட்டியாரோவாவைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. அதோடு படகுக் கட்டணம், சாப்பாடு. தேங்காயும் மீனும் பழமும் போக ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வந்து இறங்குகிற தீவு, ஒரு கோப்பைக் காப்பியின் விலையிலும் அந்தத் தூரம் தெரியும். சாயங்காலப் படகுச் சவாரி தனி. விலைப்பட்டியலில் அந்தப் படகைக் ‘கட்டமரான்’ என்று போட்டிருந்தார்கள். நம் கடற்கரையின் கட்டுமரம்தான், பெயர் மட்டும் அவ்வளவு தூரம் போய் வாடகைக்கு நிற்கிறது. படகின் இரட்டை உடலோ பாலினீசியர்கள் தாங்களே கண்டுபிடித்தது. அதில்தான் ஆயிரக்கணக்கான மைல் கடலைக் கடந்து இந்தத் தீவுகளில் குடியேறினார்கள்.

வரைபடத்தை விரித்து நண்பருக்குக் காட்டினேன். நடுவில் 727 மீட்டர் உயர ஒட்டேமானு சிகரத்தோடு பெரிய தீவு. ஊர், பள்ளி, மாதா கோயில், மளிகைக்கடை எல்லாம் அங்கே. அதைச் சுற்றிக் காயல். காயலின் விளிம்பில் மோட்டு என்று அவர்கள் சொல்லும் மணல் திட்டுகள். ஓடுதளம் ஒரு திட்டில். பெரிய ஓட்டல்கள் பெரும்பாலும் வேறு திட்டுகளில், மலையைத் தூரத்தில் நிறுத்திப் பார்க்கத் தோதாக. ஒரு திட்டில் இறங்கி, படகில் இன்னொரு திட்டுக்குப் போய், ஐந்து நாள் கழித்து அதே வழியில் திரும்பினால், போரா போரா போய் வந்தவர் போரா போராவில் கால் வைக்காமலே வந்திருப்பார். மலையைப் பார்த்திருப்பார். அந்த மலையடியில் குடியிருப்பவர்களில், சீருடை போட்டவர்களை மட்டும் பார்த்திருப்பார்.

அன்று தூரத்துக்குக் கொடுத்த காசை இன்று தனிமைக்குக் கொடுக்கிறோம். இது எனக்கு உவப்பாக இல்லை என்பதை மறைப்பானேன்? 1955இல் போனவர் பெரிய தர்மவான் என்று சொல்லவில்லை. அடுத்த விமானம் வரும்வரை அவர் அந்த ஊர் ஜனங்களோடு இருந்தே ஆக வேண்டியிருந்தது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் யார் வீட்டிலாவது சாப்பிட்டிருப்பார், யாரிடமாவது இரண்டு வார்த்தை கற்றிருப்பார். அந்தக் கட்டாயத்தை இன்றைய திட்டம் நுணுக்கமாக வெட்டி எடுத்துவிடுகிறது, அதற்குத்தான் விலையே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்க்காரர்களும் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பிரெஞ்சு பாலினீசியாவின் மக்கள்தொகை சுமார் 2.8 லட்சம். 2023இல் வந்து தங்கிய வெளியூர்க்காரர்கள் ஏறக்குறைய 2.6 லட்சம். ஹவாய் 2019இல் ஒன்பது பத்து நாளில் வரவேற்ற கூட்டம் இது. உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு விருந்தாளி, அதற்குமேல் வேண்டாம் என்பதையே கொள்கையாகப் பேசினார்கள். போரா போராவில் ஒரு நாளில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை 1,200 பேரோடு நிறுத்தினார்கள். 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தஹிதியின் டெயாஹூபோவில் நடந்தபோது, நடுவர்களுக்காகப் பவளத்தின் மேல் பெரிய கோபுரம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊரே எதிர்த்து நின்று, அதைச் சின்னதாக்க வைத்தது. போரா போராவுக்குப் பக்கத்திலேயே மௌபிட்டி என்று ஒரு தீவு. அதே மலை, அதே காயல், கொஞ்சம் சிறியது. பெரிய ஓட்டலே வேண்டாம் என்று அந்த ஊர் மக்கள் சொல்லிவிட்டார்கள். அங்கே போனால் யாராவது ஒரு குடும்பத்தின் விருந்தினர் வீட்டில்தான் தங்க வேண்டும். வீட்டுக்காரம்மா சமைப்பார், எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிடலாம்.

அந்த ஒலிம்பிக் போட்டியாளர்கள் தங்கியது ஒரு கப்பலில். அரானுயி என்று பெயர். பாதி சரக்கு, பாதி பயணிகள். மற்ற நாட்களில் பபீட்டேவிலிருந்து மார்க்கெசாஸ் தீவுகளுக்கு அரிசி, சிமெண்டு, சைக்கிள் என்று ஏற்றிக்கொண்டு போய், கோப்பரை மூட்டையோடு திரும்பும். போய்வர ஏறத்தாழ பன்னிரண்டு நாள். கிரேன் சரக்கை இறக்கி முடிகிறவரை பயணிகள் ஊரைச் சுற்றலாம். அரானுயி என்றால் அந்தக் கடலோர மொழிகளில் பெருவழி. ஆக்லாந்தின் ஓர் அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் பவளப் பாதையின் சோலண்ட் விமானத்துக்கும் அதே பெயர்தான்.

நண்பரின் திட்டம் கடைசியில் இப்படி முடிந்தது: தண்ணீர்மேல் குடிலில் இரண்டே இரவு, அது அவருடைய ஆசைக்கு. மௌபிட்டியில் ஒரு குடும்பத்து வீட்டில் நான்கு இரவு, அது என் பிடிவாதத்துக்கு. மிச்சம் பபீட்டேவில், சாயங்காலம் துறைமுகத்தோரம் வரிசையாக நிற்கும் சாப்பாட்டு வண்டிகளில் சோறும் மீனும், அது அவர் மனைவிக்கு. விசாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நீங்களும் போவதாக இருந்தால் ஒன்று சொல்லி வைக்கிறேன். பபீட்டேவிலிருந்து போரா போரா போகும் அந்தச் சின்ன விமானத்தில் இருக்கை எண் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கவில்லை. இப்போதும் அப்படியேயென்றால், குடிலுக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் சரி, முன்னால் நிற்பவருக்கே முதலிடம். தீவும் காயலும் தெரிவது இடதுபக்க ஜன்னலில். கொஞ்சம் முன்னதாகவே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.